மட்கார்டு மான்மியம்

ஸைக்கிளின் அங்கங்களில் மணியைப் பற்றிப் பேசுவார் உண்டு. விளக்கைப் பற்றிப் பேசுவார் உண்டு. ஸீட்டைப் பற்றிப் புகார் சொல்லாதவரே இல்லை. மட்கார்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதன் உத்தியோகம் அப்படி. ஏறியிருப்பவர்மேல் தெறிக்கவேண்டிய சேற்றைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு, வெளியே கறுப்புச் சட்டையும் பொன் சரிகையுமாகக் காட்சி தருவது அது. மழை நாளில் மட்கார்டு இல்லாத ஸைக்கிளில் கால் மைல் சென்றவர்கள், முதுகின் நடுவே கோடு கிழித்தாற்போல் ஏறியிருக்கும் செம்மண்ணைப் பார்த்த பிறகு அதன் பெருமையை ஒப்புக்கொள்வார்கள். வெள்ளை வேஷ்டி உடுத்தியவரானால் இன்னும் சீக்கிரத்தில் ஒப்புக்கொள்வார்.

அப்படிப்பட்ட மட்கார்டுகள் இரண்டுக்காக, சென்ற கோடை விடுமுறை முதல் ஐப்பசி மாதம் வரை நமக்குக் கிடைத்த ஓய்வு நாட்களையெல்லாம் நாம் செலவழித்துவிட்டோம். பழையவற்றைச் சரி செய்து புது வர்ணம் பூசுவது என்பதுதான் நாம் எடுத்துக்கொண்ட வேலை. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று வீட்டாரிடம் சொல்லியிருந்தோம். அந்த வாக்கை அவர்கள் இன்றும் மறக்கவில்லை.

திண்டுக்கல்லுக்கு வடக்கே ஐந்து மைல் தூரத்தில், கரூர்ச் சாலையில் இருக்கிறது தாடிக்கொம்பு. ஸௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் சிற்பத் தூண்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஊரைத் தெரியும். மற்றவர்களுக்கு அது பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும். இங்கிருந்து திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தினந்தோறும் ஸைக்கிளில் போய் வந்தவர் நமது தகப்பனார். போக ஐந்து, வர ஐந்து. ஆகப் பத்து மைல். 1968ஆம் ஆண்டில் உத்தியோகம் கிடைத்ததும் அவர் பழைய ஸைக்கிள் ஒன்றை வாங்கினார். அவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஸைக்கிள் அன்று முதல் கொட்டகையில் விறகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

வெளியே இழுத்துத் துடைத்தபோது அது ஒரு ஸைக்கிள் அல்ல, மூன்று ஸைக்கிள்கள் என்று தெரிந்தது. முன் கழுத்திலிருந்த பித்தளை வில்லையில் நாரையின் தலை. அதன் கீழே நாட்டிங்ஹாம் என்று எழுத்து. ஆகவே உடற்கூடு இங்கிலாந்தில் பிறந்த ராலே. பின் மட்கார்டு அம்பத்தூரில் பிறந்த ஹெர்குலிஸினுடையது. 1974இல் மாட்டு வண்டியின் அச்சு இடித்துப் பழைய மட்கார்டு மடங்கிப்போக, திண்டுக்கல்லில் ஒரு ஸைக்கிள் கடையில் கழற்றிப் போட்டிருந்த இதை விலை பேசி வாங்கியதாகத் தகப்பனாரே சொல்லியிருக்கிறார். முன் மட்கார்டு இன்னும் பிந்தியது. லூதியானாவிலிருந்து வந்த மெல்லிய தகடு. நாட்டிங்ஹாம், அம்பத்தூர், லூதியானா மூன்றையும் ஒரே அச்சில் கோத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வாத்தியார் ஓட்டியிருக்கிறார்.

இந்த மூன்று பிறப்பிடங்களுக்கும் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன் நம் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் ராலே, பி.எஸ்.ஏ., ஹம்பர், ஹெர்குலிஸ், பிலிப்ஸ் என்று கப்பலில் வந்த பெயர்கள்தாம். 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் சேர்ந்து சென்னைக்கு அருகே அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையை ஸ்தாபித்தார்கள். 1951 முதல் அங்கே செய்த ஹெர்குலிஸ் ஸைக்கிள்கள் வெளிவரலாயின. அதே காலத்தில் வங்காளத்தில் அஸன்ஸோலில் ஸென்-ராலே தொழிற்சாலையும் எழும்பியது. பிற்பாடு லூதியானா எல்லாரையும் முந்திக்கொண்டது. 2002இல் நாட்டிங்ஹாமிலேயே ஸைக்கிள் செய்வதை ராலேக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். நமது கொட்டகையில் விறகுக்குப் பின்னால் நின்ற கூடு, தன் பிறந்த வீடு மூடப்பட்டதை அறியாமலே நின்றுகொண்டிருந்தது.

நிற்க. மட்கார்டு எங்கே கெடுகிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். வெளியிலிருந்து கெடுகிறது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். கழற்றித் திருப்பிப் பார்த்த பிறகே உண்மை புலப்பட்டது. தகட்டின் இரண்டு ஓரங்களும் உறுதிக்காக உட்பக்கம் சுருட்டி விடப்பட்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் சேறு புகுந்து காய்கிறது. அடுத்த மழையில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓரிடத்தில் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு இருந்தால் காரியம் இன்னும் துரிதம். துருவோ தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் அடைத்துக்கொள்ளும். அதனால் வர்ணத்தின் அடியில் துரு பிடித்தால் வர்ணம் கொப்புளித்து எழும்புகிறது. வெளியே கடுகளவு கொப்புளம் தெரியும்போது உள்ளே எட்டணா அகலத்துக்கு வேலை நடந்திருக்கும். முன் மட்கார்டின் வால் பக்கம் நம் கட்டை விரல் அழுத்தத்துக்கே உதிர்ந்துவிட்டது.

கழற்றும் விஷயத்தில் அவசரம் கூடாது. துருவேறிய மரையைப் பலம் கொண்டு திருகினால் மரை வராது, மட்கார்டின் காது கிழிந்து வரும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து இரண்டு இரவு ஊறவைத்தோம். மூன்றாம் நாள் பல்லில்லாத கிழவர் முறுக்கை விட்டுக்கொடுப்பதுபோல் அவை தாமாகவே விட்டுக்கொடுத்தன. எந்தக் கம்பி எந்தப் பக்கம், எந்த வாஷர் எதற்கடியில் என்று ஒரு காகிதத்தில் படம் வரைந்து வைத்தது நாம் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. மற்றொன்றைச் செய்ததாக ஞாபகமில்லை.

நெளிவு எடுப்பதற்கு, மட்கார்டின் வளைவுக்கு ஏற்றபடி வேப்பங்கட்டை ஒன்றைத் தச்சரிடம் செதுக்கி வாங்கிக்கொண்டோம். அதன்மேல் தகட்டைக் கவிழ்த்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டவேண்டும். இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் தகடு அந்த இடத்தில் மெலிந்து நீண்டுவிடும். நீண்ட தகட்டுக்குப் போக இடமில்லாமையால் அலை அலையாக எழும்பும். பிறகு எவ்வளவு பட்டி பார்த்தாலும் வெயிலில் அந்த அலை தெரியும். உதிர்ந்துபோன வால் பகுதிக்குத் திண்டுக்கல் பட்டறையில் ஒரு துண்டுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்து பெயர் பெற்ற ஊரில் அதற்குக் குறைவில்லை.

அடுத்தது துரு நீக்குதல். இங்கேதான் நமது வீட்டு அடுக்களைக்கு வேலை வந்தது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். அகலமான தகரத் தொட்டியில் கெட்டியாகப் புளி கரைத்து முன் மட்கார்டை ஒரு பகலும் ஓர் இரவும் ஊறப்போட்டோம். காலையில் துரு சேறுபோல் கழன்று வந்தது. ஆனால் ஒரு ஜாக்கிரதை வேண்டும்: எடுத்தவுடன் சலவைச் சோடா கரைத்த நீரில் அலசி, துணியால் துடைத்து, உடனே வெயிலில் உலர்த்தவேண்டும். நாம் நடுவில் காப்பி சாப்பிடப் போனோம். பதினைந்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் வெள்ளி போலிருந்த தகட்டின்மேல் மஞ்சள் படிந்துவிட்டது. மறுபடியும் புளி. அந்த மாதத்துப் புளிக் கணக்கை இங்கே வெளியிடும் உத்தேசம் நமக்கில்லை.

சுருள் ஓரத்துக்குள் புளித்தண்ணீர் போயும் போகாத துரு மிச்சமிருந்தது. அதற்கு நாம் கண்ட உபாயம் கடுக்காய். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடப்பது யாவரும் அறிந்ததே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலைப் பதனிடுவதற்குக் காரணம் அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து; டானின் என்று ரஸாயன நூலார் அதற்குப் பெயர் சொல்வார்கள். அந்தச் சத்து இரும்புத் துருவோடு சேர்ந்தால் கருநீல நிறமான வேறொரு பொருளாக மாறுகிறது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர்கள் மை காய்ச்சியது இந்த நியாயத்தைக்கொண்டுதான். கடைகளில் துருவை மாற்றும் திரவம் என்று விற்கிறார்களே, அவற்றில் பலவற்றுக்கும் டானினோ பாஸ்பாரிக் அமிலமோதான் ஆதாரம். கடுக்காய்த் தோலை இடித்துக் காய்ச்சிய கஷாயத்தைப் பழைய தூரிகையால் சுருளுக்குள் தடவினோம். அரை மணி நேரத்தில் செந்துரு கருமையாகிவிட்டது. அப்போது பக்கத்திலிருந்த நமது மகன், "அப்பா, இது கெமிஸ்ட்ரி புத்தகத்தில் இல்லையே!" என்றான். அதே பாடத்தைப் பதினெட்டு வருஷமாக நடத்துகிற நமக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

டெல்லியில் குதுப் மினாருக்கு அருகே நிற்கும் இரும்புத் தூணை இந்த இடத்தில் நினைக்காமலிருக்க முடியாது. குப்தர் காலத்தில் செய்யப்பட்டுச் சுமார் 1600 வருஷமாக மழையிலும் வெயிலிலும் நிற்கிற அது, பெரிதாகத் துருப்பிடிக்காமலிருப்பதன் காரணத்தைக் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து கூறினார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது காலக்கிரமத்தில் இரும்பின்மேல் மெல்லிய தோல்போல் ஒரு காப்பை உண்டாக்கிவிட்டது. இங்கிலாந்திலோ 1906ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம்காரரான தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் என்பவர், இரும்பைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் காய்ச்சி அதன்மேல் பாஸ்பேட் தோல் ஒன்றை உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு வந்த நல்ல ஸைக்கிள்களுக்கெல்லாம் கறுப்பு எனாமலின் அடியில் இப்படியொரு தோல் உண்டு. அதன்மேல் எனாமலைப் பூசிச் சூளையில் வைத்துச் சுடுவார்கள். ராலேக் கூட்டின் கறுப்பு அத்தனை வருஷத்துக்குப் பிறகும் துடைத்தவுடன் முகம் காட்டியதற்கு இதுதான் காரணம். லூதியானா மட்கார்டுக்கு அந்தப் பாக்கியம் இருந்ததாகத் தெரியவில்லை. சுரண்டினால் வர்ணத்தின் கீழே வெறுந்தகடு.

பழைய வர்ணத்தைத் தேய்த்தெடுக்கும் விஷயத்தில் குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பெயிண்டுகளில் ஈயம் சேர்ந்திருக்கும். உலர்ந்த உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்தால் அந்தத் தூள் மூக்கிலும் சோற்றிலும் போய்ச் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். நமது நாட்டில் வீட்டுப் பெயிண்டுகளில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று விதி செய்யப்பட்டதே 2016இல்தான். அது அமலுக்கு வந்தது 2017 நவம்பர் முதல் தேதி. அதற்கு முற்பட்ட எந்த வர்ணத்தையும் சந்தேகத்தோடுதான் தொடவேண்டும். தண்ணீர்விட்டுத் தேய்ப்பது, கிழிந்த துணியால் வழித்தெடுத்துக் காகிதத்தில் கட்டி அப்புறப்படுத்துவது, கை கழுவாமல் பலகாரத் தட்டை நெருங்காதிருப்பது என்பவை நாம் வைத்துக்கொண்ட விதிகள். மூன்றாவது விதியை மீறியவர் யார் என்பதைச் சொல்ல விரும்பவில்லை.

தண்ணீர்விட்டுத் தேய்க்கும் இந்த வேலையில்தான் வழக்கு ஒன்று முளைத்தது.

அம்பத்தூர் மட்கார்டின் வால் பக்கத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு. இரவில் பின்னால் வரும் வண்டிக்காரருக்குத் தெரியவேண்டுமென்று 1930களில் இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே செய்தார்கள். இங்கேயும் அந்த வழக்கம் பரவியது. தகப்பனார் அந்த வெள்ளையின்மேல் சிவப்பு எழுத்தில் தம் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதியிருந்தார். கரும்பலகையில் எழுதுவதுபோல் தலைக்கட்டு ஒழுங்கான எழுத்து. சிறுவயதில் அவருக்குப் பின்னால் ஓடி வந்தபோதெல்லாம் நம் கண்ணுக்கு நேரே இருந்தது அந்த எழுத்துத்தான்.

நமது மகனுடைய யோசனை வேறு. இரண்டு மட்கார்டுகளையும் திண்டுக்கல்லுக்கு எடுத்துப்போய், மணல் வீச்சினால் வெறுந்தகடாக்கி, பௌடர் கோட்டிங் என்ற முறையில் வர்ணப்பொடியைத் தூவிச் சுட்டு வாங்கி வந்துவிடலாம் என்றான். ஒரே நாள் வேலை. நிறமும் உறுதியாக நிற்கும். மனசுக்குப் பிடித்த மயில் நீலமும் கிடைக்கும். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சில பழங்கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் இதே மணல் வீச்சை நடத்திக் கல்வெட்டுகளின் எழுத்தை மழுங்கடித்த செய்தியை நாம் படித்திருக்கிறோம். அதைச் சொல்லி நீண்டதொரு பிரசங்கம் செய்தோம். "பழமையை அழிப்பதற்குப் பெயர் புதுப்பித்தல் அல்ல" என்றுகூட ஒரு வாக்கியம் வந்தது. பையன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். ஜயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

மறுநாள் வெள்ளைப் பட்டையின் ஓரத்திலிருந்த ஒரு கொப்புளத்தை மட்டும் மெல்லத் தேய்த்தோம். சிவப்பு எழுத்துக்கு அடியில் வெள்ளை. வெள்ளைக்கு அடியில் பச்சை நிறத்தில் வேறொரு எழுத்து! தேய்க்கத் தேய்க்க "மு" என்பதும், பக்கத்தில் ஒரு புள்ளியும் வெளிப்பட்டன. நம் குடும்பத்தில் அந்த இனிஷியல் யாருக்கும் இல்லை. தாயாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம்.

"அது பழைய சொந்தக்காரர் பெயர். வாங்கும்போதே இருந்தது" என்றார்.

"அப்பா அதை அழித்துவிட்டாரா?"

"அழிக்காமல்? ஊரான் பெயரை எழுதிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாரா? காலையில் வெள்ளை பூசினார், சாயங்காலம் எழுதினார். அதற்கு உன்னைப் போல் ஒரு மாசம் யோசிக்கவில்லை."

நாம் அந்த மட்கார்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பழமையைக் காப்பாற்றுகிறோம் என்று மகனிடம் வீராப்புப் பேசியது போக, எந்தப் பழமை என்ற கேள்வி இப்போது வந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஆக்கவேண்டுமானால் தகப்பனாரின் எழுத்துப் போகவேண்டும். தகப்பனாரின் எழுத்து நிற்கவேண்டுமானால், முகமறியாத அந்த "மு"வின் எழுத்து மறுபடியும் மூடப்படவேண்டும். தகப்பனார் இருந்திருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தாலோ, எல்லாவற்றின்மேலும் புதிதாக ஒரு பூச்சுப் பூசிவிட்டு மணி ஒன்பதேகாலுக்குக் கிளம்பியிருப்பார். புதுப்பிப்பது என்றால் ஏதோ ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்து மற்ற வருஷங்களைக் கைவிடுவது என்பது அதுவரையில் நமக்குத் தோன்றவே இல்லை.

முடிவில் நாம் செய்தது எந்த சாஸ்திரத்துக்கும் ஒத்ததல்ல. பின் மட்கார்டின் உட்புறத்தை மட்டும் துரு நீக்கி, ரெட் ஆக்ஸைடு அடித்து, இரண்டு பூச்சுக் கறுப்பு எனாமல் பூசினோம். கேடு அங்கிருந்துதானே வருகிறது? வெளிப்புறத்தில் தூரிகையே வைக்கவில்லை. ஸோப்புத் தண்ணீரால் துடைத்து, டர்பெண்டைனில் கரைத்த தேன்மெழுகை மெல்லப் பூசித் தேய்த்தோம். மெழுகு என்றால் நாளைக்கு வேறொருவருக்கு வேறு எண்ணம் தோன்றினாலும் துடைத்தெடுத்துவிடலாம். வார்னிஷ் அடித்துவிட்டால் அது முடியாது. தகப்பனார் பெயர் அப்படியே இருக்கிறது. ஓரத்தில் பச்சை "மு"வும் இருக்கிறது.

முன் மட்கார்டுக்கு இந்தச் சங்கடம் ஒன்றுமில்லை. அதில் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகையால் அதன் நிறத்தை மகனிடமே விட்டோம். அவன் மயில் நீலம் என்றான். நமக்குக் கொஞ்சம் திக்கென்றது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாமல் சரி என்றோம்.

வர்ணம் பூசுவது எளிது என்று நினைப்பவர்கள், பூசுவதற்கு முன்னாலுள்ள வேலையைச் செய்து பார்க்காதவர்கள். 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 220, 400 என்று படிப்படியாக ஏறவேண்டும். பிரைமர் ஒரு பூச்சு, பள்ளங்களில் மட்டும் காகிதக் கனத்துக்குப் பட்டி, காய்ந்தபின் தேய்ப்பு, மறுபடி பிரைமர். விரல் நுனியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பார்க்கவேண்டும். கண் மன்னிக்கிற மேட்டை விரல் மன்னிக்காது. இதையெல்லாம் கிரமமாகச் செய்த நாம், எனாமல் விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டோம். புரட்டாசி கடைசி ஞாயிறு, முதல் பூச்சு அடித்து நான்கு மணி நேரமாகியிருந்தது, தொட்டால் ஒட்டவில்லை. மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் இரண்டாவது பூச்சையும் முடித்துவிடுவோம் என்று கெட்டியாகப் பூசினோம். விடிந்து பார்த்தால் மயில் நீலம் முழுவதும், வெந்நீரில் வெகுநேரம் ஊறிய விரல்போல் சுருங்கிக் கிடந்தது.

எனாமல் உலர்வது ஈரத்துணி உலர்வதுபோல் அல்ல. அது காற்றிலுள்ள பிராணவாயுவை வாங்கிக் கெட்டிப்படுகிறது. மேற்தோல் முதலில் இறுகும், உள்ளே பல மணி நேரம் இளக்கமாகவே இருக்கும். அந்த நிலையில் மேலும் ஒரு பூச்சு ஏறினால், அதிலுள்ள தின்னர் கீழே இறங்கி அடிப்பூச்சைக் கிளப்பிவிடுகிறது. இரும்பைத் தின்கிற அதே பிராணவாயுதான் வர்ணத்தையும் உறுதியாக்குகிறது என்பது படிக்கும்போது ரஸமான செய்தி. சுருங்கிய வர்ணத்தை மறுபடி அடிவரையில் தேய்க்கும்போது அந்த ரஸம் தெரிவதில்லை. இரண்டாம் தடவை மெல்லிய பூச்சுகளாக மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு முழு நாள். தூசி அடங்குவதற்காகத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வேலை. ஐப்பசி மழைக்கு நடுவே வெயில் அடித்த நாட்களைப் பொறுக்கி எடுத்து இதைச் செய்தோம்.

கடைசியாகப் பொன் கோடு. முன்காலத்தில் மட்கார்டின் இரண்டு ஓரங்களிலும் மயிரிழைபோல் ஓடும் கோட்டைக் கையாலேயே இழுப்பார்கள். இப்போது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். திண்டுக்கல்லில் லாரிகளுக்கும் கடைகளுக்கும் பெயர் எழுதி வந்த பெரியவர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல், வேலையை விட்டுப் பல வருஷமாயிற்று என்றார்கள். அச்சுப் பதாகைகள் வந்தபின் எழுத்து வேலை நின்றுபோனவர்களில் அவரும் ஒருவர். மட்கார்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

"கை நடுங்குகிறது, வாத்தியாரய்யா" என்றார் முதலில்.

பிறகு மட்கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் விரலை ஓட்டினார். "யார் தேய்த்தது?" என்று கேட்டார். நாம் என்றோம். "பரவாயில்லை" என்றார். இருபது வருஷத்தில் எந்தக் கல்வி அதிகாரியின் பாராட்டும் நமக்கு அவ்வளவு திருப்தி அளித்ததில்லை.

நீண்ட மயிர் கொண்ட மெல்லிய தூரிகை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். சுண்டு விரலைத் தகட்டின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டார். ஓரமே அவருக்கு அளவுகோல். தூரிகையில் வர்ணத்தைத் தோய்த்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பு. கை நடுங்கத்தான் செய்தது. தூரிகை தகட்டைத் தொடும்வரையில். தொட்ட பிறகு நடுக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இழுத்து முடித்த இடத்தில் கோடு மயிரளவு தடித்திருந்தது. அதைத் துடைத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். கூலி வாங்க மறுத்தார். பேரப்பெண்ணுக்கு ஒரு தமிழ் அகராதி கேட்டார். மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

புறப்படும்போது, "வாலில் பெயர் எழுதவேண்டாமா? யார் பெயரைப் போடட்டும்?" என்றார்.

மகன் நம்மைப் பார்த்தான். நாம் மகனைப் பார்த்தோம். பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

ஸைக்கிளைப் பூட்டி நிறுத்தியபோது, முன்னால் மயில் நீலமும் பின்னால் வயதான கறுப்புமாக, இரண்டு வீட்டுச் சம்பந்திகள் ஒரே பந்தியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பள்ளிக்கு அதில் போன முதல் நாள், அரசாங்கம் கொடுத்த ஸைக்கிள்கள் வரிசையாக நிற்கும் கொட்டகையில் அதையும் நிறுத்தினோம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸைக்கிள் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதி திராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்துப் பிறகு விரிந்தது. வாங்கும் நாளில் பளபளவென்றிருக்கும் மட்கார்டுகள் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் சிவந்துவிடுவதை வருஷந்தோறும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். இந்த வருஷம்தான் குனிந்து உட்புறத்தைப் பார்த்தோம். கடுக்காய் வைத்தியத்தைக் கேட்டு, ஆறு பிள்ளைகள் சனிக்கிழமை மட்கார்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களுள் ஒரு பெண் மரைகளின் படத்தை நம்மைக் காட்டிலும் தெளிவாக வரைந்திருந்தாள்.

கார்த்திகை முதல் வாரத்தில் நல்ல மழை. குடகனாற்றில் நீர் ஓடுவதைப் பார்த்துவரலாம் என்று மகன் ஸைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்தவனுடைய சட்டை முதுகில் ஒரு துளி சேறு இல்லை. தாயார் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, பின் மட்கார்டின் வாலிலிருந்த செம்மண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்.

"கடகடவென்று சத்தம் வருகிறது, அப்பா" என்றான் பையன்.

முன் மட்கார்டின் இடது கம்பிக்கு அடியில் வாஷர் போட மறந்திருக்கிறோம். படத்தில் தெளிவாகவே இருந்தது. பழைய ட்யூபிலிருந்து ரப்பர் வட்டம் ஒன்று வெட்டி வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை மாட்டவேண்டும்.